அமானிதமாக வந்த மொழி

பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை விடுமுறைக்குத் தாயகம் வந்து இறங்கியதும், நம் உறவினர் அதனிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நீ தமிழ்ப் பிள்ளையா, மலாய்ப் பிள்ளையா?" கேட்பவர் வேடிக்கையாகத்தான் கேட்கிறார். பிள்ளைக்கோ அது வேடிக்கையாக இருப்பதில்லை. பிறந்த ஊரில் பள்ளித் தோழர்கள் அதனை இந்தியன் என்கிறார்கள். பாட்டனார் ஊரில் மலாய்க்காரன் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அதனை வெளியே நிறுத்தித்தான் பெயர் சூட்டுகிறார்கள். இலண்டனிலும் நியூஜெர்சியிலும் சிட்னியிலும் இன்று வளரும் நம் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். ஆயினும் மலாய் நாட்டின் நிலை நெடுங்காலப் பழமை உடையது. நமக்கு மிக நெருக்கமானது. ஆதலின் அதனை முன்வைத்தே இங்குச் சிந்திக்கிறேன்.

கடல் கடந்த ஏனைய தமிழருக்கு இல்லாத ஒரு வாயில், மலாய் நாட்டில் தமிழ் முஸ்லிமுக்குத் திறந்திருந்தது. மார்க்கம் ஒன்று, பள்ளிவாசல் ஒன்று, மணவுறவுக்கும் தடையில்லை. 1957 இல் விடுதலை பெற்ற மலாயாவின் அரசமைப்புச் சட்டம் 160 ஆம் பிரிவில் மலாய்க்காரர் யார் என்பதற்கு இலக்கணம் வகுத்தது. இஸ்லாத்தைப் பின்பற்றுதல், வழக்கமாக மலாய் பேசுதல், மலாய் வழக்காறுகளை மேற்கொள்ளுதல் என்பன அதன் கூறுகள். அந்நாட்டுப் பிறப்பும் குடிவாழ்வும் பற்றிய நிபந்தனையும் உடன் உண்டு. குருதியைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. தமிழ் இந்துவின் பேரன் மொழியை இழந்தாலும் தமிழனாகவே எண்ணப்படுகிறான். தமிழ் முஸ்லிமின் பேரனோ மொழியை விட்ட அளவில், வேறோர் இனத்தாரின் நடுவே இடம் பெற்றுவிட முடிகிறது. அவ்வாயிலில் நுழைவோர் கொடுக்கும் விலை தமிழ்.

இவ்விலை கொடுக்கத் தக்கதா என்பதில் நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், மொழியை விட்டவன் தாயை விட்டவன் என்று மேடையில் முழங்குவர். மற்றொரு கட்சியார், கலிமா இருக்கிறது, கிப்லா இருக்கிறது, பேசும் மொழி எதுவானால் என்ன என்பர். இரண்டுமே எனக்கு நிறைவளிக்கவில்லை.

முதற்கட்சியாருக்கு அரபு வரலாற்றிலிருந்தே விடை சொல்லலாம். அரபியரின் வமிசாவளி நூலோர், அந்த இனத்தையே இரண்டாகப் பகுத்தனர்: தொன்றுதொட்டு அரபியர், அரபியராய் ஆனோர். பின்னவரை 'முஸ்தஃரிபா' என்பர். நபி இஸ்மாயீல் (அலை) அவர்கள் ஜம்ஜம் ஊற்றருகே குடியேறிய ஜுர்ஹும் கூட்டத்தாரிடம் அரபு கற்றார்கள் எனப் புகாரி ஷரீபின் ஹதீஸ் கூறுகிறது. குறைஷியரும், அவருள் தோன்றிய நம் நாயகம் (ஸல்) அவர்களும் அந்த வழியினரே. அரபு மொழியின் மாட்சிக்கே உரியவர்களின் மூதாதை, அண்டை வீட்டாரிடம் அம்மொழியைக் கற்றவர். எனவே மொழி மாறுதல் தன்னளவில் இழிவு என்போர், எவரை இழிவுபடுத்துகிறோம் என்று சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நலம்.

அதே ஹதீஸில் மற்றொரு செய்தியும் உண்டு. தந்தை இப்ராஹீம் (அலை) மகனைக் காண வருகிறார்கள். மகன் வீட்டில் இல்லை. வறுமையைச் சொல்லிக் குறைப்பட்ட மருமகளிடம், கணவர் வந்ததும் வாசற்படியை மாற்றச் சொல் என்று கூறிச் செல்கிறார்கள். மகன் வந்து கேட்டதும், வந்தவர் யார், சொன்னதன் உட்பொருள் என்ன என்பது ஒருங்கே புரிந்துவிடுகிறது. ஜுர்ஹும் கூட்டத்தாரிடையே வளர்ந்தவர்தாம். ஆயினும் தந்தையின் குறிப்பு மொழி அவருக்குப் பிடிபட்டது. நான் வலியுறுத்த விரும்புவது இதனைத்தான்.

மலாக்காவின் முன்ஷி அப்துல்லாஹ்வை எடுத்துக்கொள்வோம். 1796 இல் பிறந்தவர். 1854 இல் ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில் மறைந்தவர். பூட்டனார் ஏமன் நாட்டு அரபியர். அவர் நாகூரில் வந்து மணம் புரிந்தவர். அவருடைய மக்களுள் ஒருவர் மலாக்கா சென்று பேரி ஆச்சி என்னும் பெண்ணை மணந்தார். 'ஆச்சி' என்ற சொல்லே அக்குடும்பத்தின் மணத்தைச் சொல்லிவிடுகிறது. அந்த வழியில் வந்த அப்துல்லாஹ், சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ் துரைக்கு எழுத்தராக இருந்தார். வெள்ளையருக்கு மலாய் கற்பித்தார். 1849 இல் அச்சேறிய தன்வரலாற்றினால் புதிய மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் பெயர் பெற்றார்.

அத்தன்வரலாற்றில், சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை அவர் எழுதுகிறார். மலாக்காவின் வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது முன்னோர் காலந்தொட்டு வழக்கமாம். கணக்கு எழுதவும், அங்கே நிறைந்திருந்த வணிகரோடு பேசவும் அது பயன்பட்டதாம். மொழிப்பற்று என்ற சொல்லே அங்கு இல்லை. தேவையும் வழக்கமும் சேர்ந்து பிள்ளையின் கையில் தமிழை வைத்தன. பின்னாளில் அதே மனிதர் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு ஆக்கினார். அது 1835 இல். இன்னொரு புதுமையும் கேளுங்கள்: மலாய் மக்கள் தம் சொந்த மொழியை முறையாகக் கற்பதில்லை என்று கடிந்துரைத்தவரும் இந்த நாகூர் வழிப் பேரர்தாம்! இவர் தமிழரா, அரபியரா, மலாய்க்காரரா என்று கேட்டால் விடை கிடைக்காது. இவருக்குக் கொடுக்கப்பட்டது என்ன என்று கேட்டால் கிடைக்கும். மூன்று மொழிகள் கொடுக்கப்பட்டன. எதனையும் மறைத்து வைக்கவில்லை.

அச்சமூகம் பின்னரும் இரு கைகளாலும் எழுதியது. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தோரை 'ஜாவி பெரானாக்கான்' என்பர். அப்பெயரிலேயே 1876 இல் சிங்கப்பூரில் அவர்கள் தொடங்கிய ஏடுதான் மலாய் மொழியின் முதல் செய்தித்தாள். அதே நகரில் 1887 இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் ஏட்டை நடத்தினார். (நம் 'மாமா' என்ற உறவுச்சொல் அங்கே 'மாமாக்' ஆகி, உணவுக்கடைக்குப் பெயராகவும், சிலர் வாயில் ஏளனமாகவும் திரிந்த கதை வேறு.)

ஒரு ஐயத்தை இங்கே தீர்க்க வேண்டும். விண்ணப்பத் தாளில் மலாய்க்காரர் என்று எழுதுபவர், தந்தையை மறுத்தவர் ஆவாரா? தன் தந்தை அல்லாதவரைத் தந்தை எனக் கோருவதை மார்க்கம் கடுமையாக விலக்கியுள்ளது. வளர்ப்பு மக்களைக்கூடப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி சூரா அஹ்ஸாப் பணிக்கிறது. ஆனால் அச்சட்டம் கேட்பது நடைமுறையை, வமிசத்தை அன்று. ஆதலின் அப்படி எழுதுவது பொய்யாகாது. பாட்டனார் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லாமல் மூடி வைப்பது வேறு செயல். அதனை நான் பொறுக்க மாட்டேன்.

இனி இரண்டாம் கட்சியாரிடம் வருகிறேன். மொழி போனால் என்ன போய்விடும் என்கிறார்களே, அதனைக் கடையநல்லூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நேரே கண்டேன். பினாங்கிலிருந்து வந்த பதினொரு வயதுப் பேரன் பாட்டியின் அருகே அமர்ந்து யாசீன் ஓதினான். என்ன ஓதல்! மக்ரஜுகள் ஒவ்வொன்றும் முத்து முத்தாக விழுந்தன. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் எனக்கே நாணமாக இருந்தது. பாட்டியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா ராசா?" என்றார்கள். பையன் தந்தையைப் பார்த்தான். அவர் மலாயில் பெயர்த்துச் சொன்னார். "சுடா" என்றான் பிள்ளை. ஆயிற்று, உண்டுவிட்டேன் என்பது அதற்கு மலாய்ப் பொருள். பாட்டியாரோ, ஏதோ சுடுகிறது என்கிறான் என்று எண்ணி விசிறியை எடுத்து அவன் முன்னிருந்த தேநீருக்கு விசிறத் தொடங்கினார்கள். வீடே சிரித்தது. பாட்டியாரும் சிரித்தார்கள். பின்பு விசிறியை மடியில் வைத்துக்கொண்டு பேரனின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இருவருக்கும் ஒரே மறை, ஒரே தொழுகை. அவர்கள் 'நோன்பு' என்பதை அவன் 'புவாசா' என்பான். அச்சொல்லும் 'உபவாசம்' என்பதன் திரிபே. இருவருமே 'ஸவ்ம்' என்று சொல்வதில்லை. நம்மைப் போலவே மலாய் மக்களும் மார்க்கத்தைத் தம் வீட்டுச் சொல்லில்தான் ஏற்றார்கள். மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகச் சூரா ரூம் எண்ணுகிறது. ஆதலின் அங்கே குறைந்தது மார்க்கம் அன்று. இரத்த உறவைப் பேணுதல் என்னும் கடமை செல்லும் பாதை. அப்பாதை நாவில்தான் இருக்கிறது.

அங்ஙனமாயின் குற்றம் யாருடையது? மதரஸாவில் பிக்ஹு பயின்றோர், அடைக்கலப் பொருள் பற்றிய 'வதீஆ' பாடத்தை அறிவர். ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், அவருடைய கவனக்குறைவு இன்றித் தொலைந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கவனக்குறைவினால் தொலைந்தால் அவர் பொறுப்பாளி. எப்படித் தொலைந்தாலும், பொருளைக் கண்ணாலும் காணாத வாரிசிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. மொழியும் அவ்வாறான அமானிதமே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், கடையில் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை நின்றும் உழைத்து, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீடு திரும்பாத தந்தையிடம் தமிழ் தொலைந்தது என்றால், அது கவனக்குறைவு அன்று. தாய் மலாய்ப் பெண்ணாக, தந்தை அந்நிலையினராக இருந்த வீடுகள் பல. ஆனால் தாயும் தந்தையும் தமக்குள் தமிழில் பேசிக்கொண்டே, பிள்ளை வந்ததும் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாறும் வீடுகள் உண்டு. தமிழ் கூலிக்காரர் மொழி என்ற நாணம் அவர்களைத் தடுத்திருக்கலாம். இரு மொழி சேர்ந்தால் பிள்ளை பின்தங்கும் என்று யாரேனும் அச்சுறுத்தியிருக்கலாம். அவர்களே பொறுப்பாளிகள். பிள்ளையை நோக்கி விரல் நீட்டுவது அநீதி.

இக்கடமையை உணர்ந்து செயற்பட்டோரும் இருந்தனர். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கார்கள் 1946 இல் அங்கே தமிழ்ப்பள்ளி ஒன்றை நிறுவினார்கள். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் சீறாப்புராண ஆசிரியரின் நினைவாக அதற்கு உமறுப் புலவர் பெயரைச் சூட்டினார்கள். 1960 இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மாணவர் வரவு குறைந்து 1982 இல் மூடப்பட்டது. அப்புலவரின் பெயர் இன்று அந்நகரில் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு இருக்கிறது. மூடியதற்காக அவர்களைக் குறை கூறேன். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியபின் கட்டடம் மட்டும் என்ன செய்யும்?

பள்ளி இன்றியும் மொழி வாழும் என்பதற்கு நான் கடல் கடக்க வேண்டியதில்லை. எங்கள் ஆலங்குளத்திலிருந்து பேருந்தேறினால் இராஜபாளையம். அவ்வூர் ராஜுக்கள் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து பல நூற்றாண்டுகள் ஆயின. படிப்பது தமிழ், கடைக்கணக்கு தமிழ்; 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கிய குமாரசாமி ராஜா அவர்களைத் தமிழ்நாடு தன்னவர் என்றே போற்றுகிறது. வீட்டில் பேசுவது மட்டும் இன்றும் தெலுங்கு. தெலுங்கு எழுத்தை அறியாதவர்கள் அவர்களுள் பலர். ஆந்திரத்தார் கேட்டால் இது என்ன தெலுங்கு என்று வியக்கக்கூடும். இருக்கட்டும். பாட்டி பேசுவது பேரனுக்குப் புரிகிறது. பேரனைத் தமிழன் அல்லன் என்று எவரும் சொல்வதும் இல்லை. இதில் வீர முழக்கம் ஏதும் இல்லை. அடுப்பங்கரையில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, அவ்வளவே.

எனவே வெளிநாட்டில் வாழும் பெற்றோரிடம் நான் பெரிதாக எதனையும் கேட்பதில்லை. சீறாப்புராணம் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். உறவு முறைகளைச் சொல்லி அழைக்க, பசியும் நோவும் சொல்ல, நோயாளியின் அருகே அமர்ந்து நலம் கேட்க, மையித்து வீட்டில் இரண்டு ஆறுதல் சொற்கள் கூற, பெரியவர் குறும்பாகச் சொன்னால் சிரிக்கத் தெரிய வேண்டும். இவ்வளவு தமிழைக் கொடுப்பதற்குப் பள்ளி வேண்டாம், செலவும் வேண்டாம். அதற்கு மேல் எந்த மொழியைத் தன் மொழி என்பது, எந்த நாட்டுக்காக உழைப்பது என்பன அப்பிள்ளை வளர்ந்து தானே தீர்மானிக்க வேண்டியவை. அவ்வுரிமையில் நாம் கைவைக்கலாகாது. ஊரில் இருப்போரிடம் ஒன்று கேட்பேன்: தப்பும் தவறுமாகத் தமிழ் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அது மறுமுறை வாய் திறப்பதில்லை.

அன்று யாசீன் ஓதிய பையனின் தந்தை, ஊர் திரும்புமுன் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். பையனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அரபு எழுத்து நீரோட்டமாக வரும். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும் பயின்றிருக்கிறான். நம் முன்னோரும் அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டித் தமிழை அரபு எழுத்தில் எழுதியவர்கள் அல்லரோ? அந்த அரபுத் தமிழில் நாற்பது சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உப்பு, தண்ணீர், வலி, தூக்கம், பாட்டி, வாருங்கள், எப்படி இருக்கிறீர்கள் என இவ்வளவுதான். சென்ற மாதம் தந்தையிடமிருந்து செய்தி வந்தது. பையன் நாற்பதையும் படித்துவிட்டானாம். கைப்பேசியில் பாட்டியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறானாம். ழகரம் மட்டும் வரவில்லையாம். அதற்கு எங்கே புள்ளி வைப்பது என்று கேட்டிருக்கிறான்.