பழமைப் பூச்சும் சத்தியமும்

சாமான் வந்த பெட்டியை உடைத்தெடுத்த ஒரு பலகையின்மேல் கெட்டியான தேயிலை டிகாஷனைத் தடவி உலரவிட்டு, பாத்திரம் துலக்கும் இரும்புக் கம்பி நாரை ஓரிரு நாள் வினிகரில் ஊறவைத்து வடித்த நீரை அதன்மேல் பூசினால், அதுவரை வெளிறிக் கிடந்த மரம் நம் கண்ணெதிரிலேயே கறுத்து, மூன்று தலைமுறை வெயிலும் மழையும் கண்ட கதவு போலாகிவிடுகிறது. தேயிலையின் துவர்ப்பும் வினிகரில் கரைந்த இரும்பும் கூடிக் கறுக்கும் இந்த ரசாயனம் நமக்குப் புதியதன்று. கடுக்காய் ஊட்டிய துணியின்மேல், துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் சேர்த்து ஊறவைத்த நீரால் கோடிழுத்துக் கலங்காரிக்காரர்கள் கறுப்பை வரவழைப்பதும் இதே வழியில்தான். வர்ணம் பூசும் பொருளாயின், முதலில் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, பூச்சு உலர்ந்தபின் உப்புத்தாளால் உரசுகிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் மட்டும் வர்ணம் உதிர்கிறது. இதில் கைதேர்ந்தவர்கள் கண்ட இடத்திலெல்லாம் உரசமாட்டார்கள். கைப்பிடியைச் சுற்றியும், மூலைகளிலும், கால் இடறும் கீழ்விளிம்பிலும், அதாவது பல்லாண்டு புழக்கத்தில் மனிதர் கையும் காலும் பட்டுத் தேய்ந்திருக்க வேண்டிய இடங்களில் மட்டுமே உரசுவார்கள்.

நூறு ரூபாய்க்குள் முடிகிற இந்தச் சிக்கன அலங்காரத்தில் தத்துவ விசாரத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். இருந்தேயிராத ஒரு பாட்டியின் விரல்பட்டுத் தேய்ந்ததாகப் பலகை நம்மிடம் சாட்சி சொல்லுகிறதே, அது பொய்ச்சாட்சிதானா என்ற கேள்வி எழாமல் இருப்பதெப்படி? கட்டிடத்தின் மகிமை அதன் வயதிலேயே இருக்கிறதென்று வாதித்த ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின், 1849-இல் வெளிவந்த அதே நூலில், ஒரு பொருளின் மேற்பரப்பை வேறொன்றாகத் தோன்றும்படி வர்ணம் தீட்டுவதை வஞ்சனை என்று கண்டித்தார். ஆனால் அவ்வளவு கண்டிப்பானவரும் கட்டிடங்களில் தங்க முலாமுக்கு விலக்கு அளித்தார். ஏனெனில் அதை எவரும் கட்டித் தங்கம் என்று நினைப்பதில்லை. நகையில் அதே முலாம் குற்றமாகிவிடுகிறது. ஆகவே பொய் என்பது பூச்சில் இல்லை, பார்ப்பவன் அதை எதுவென்று நம்பும்படி விடப்படுகிறான் என்பதிலேயே இருக்கிறது என்ற அபிப்பிராயத்துக்கு அவர் வாயிலிருந்தே ஆதரவு கிடைக்கிறது.

இதற்குச் சரித்திரத்தில் பிரசித்தமான வழக்கு மைக்கலாஞ்சலோவினுடையது. இருபது வயதையொட்டிய இளைஞராக இருந்தபோது அவர் செதுக்கிய, உறங்கும் மன்மதனின் பளிங்குச் சிலை, மண்ணில் புதைந்து கிடந்தது போன்ற தோற்றம் ஊட்டப்பட்டு, புராதனச் சிற்பம் என்ற பெயரில் கார்டினல் ரியாரியோவுக்கு 200 டியூகட்டுக்கு விற்கப்பட்டது. சிற்பியின் கைக்கு வந்ததோ 30 டியூகட். விஷயம் வெளிப்பட்டதும் கார்டினல் சிலையைத் தரகனிடம் திருப்பிவிட்டுப் பணத்தை மீட்டுக்கொண்டார்; ஆயினும் அதைச் செய்த கையை மெச்சி, 1496-இல் சிற்பி ரோமாபுரிக்கு வந்தபோது ஆதரித்தார். சிலையின் அழகு இரு விலைகளிலும் ஒன்றே. இடையில் நின்ற 170 டியூகட் முழுவதும் இல்லாத வயதுக்குக் கொடுத்த விலை. கைத்திறன் வேறு, கபடம் வேறு என்று அந்தப் பாதிரியாருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

நம்முடைய ஆலயங்களின் சம்பிரதாயத்திலோ, தேய்வுக்கென்று தனி மதிப்பு கிடையாது. தலத்தின் தொன்மையைப் பாடுவோம். பின்னமான திருவுருவத்தைப் பூஜையில் வைக்கமாட்டோம். புரி ஜகந்நாதருக்கு ஆஷாட மாதம் இரட்டித்து அதிக ஆஷாடம் வரும் ஆண்டுகளில் வேம்பில் புதிய திருமேனி சமைத்துப் பழையதைப் பூமியில் அடக்கம் செய்துவிடுகிறார்கள். கடைசியாக நடந்தது 2015-இல்.

தேய்ந்த தோற்றத்தை வேண்டுமென்றே வருவித்துக்கொள்ளும் தர்மமும் உண்டு, அது பௌத்த சங்கத்தினுடையது. புதுச் சீவரம் பெற்ற பிக்ஷு, அதை உடுத்துமுன் நீலம், சேற்று நிறம், கறுப்பு ஆகிய மூன்றில் ஒன்றால் அதில் ஒரு கறையிட்டாக வேண்டும் என்று வினயம் என்னும் சங்க ஒழுக்க நூல் விதிக்கிறது. அத்துடன், முழுத் துணியாக இராமல், மகத நாட்டு வயல்களின் வரப்புகளைப் போலத் துண்டு துண்டாக வெட்டித் தைத்ததாக அது இருக்க வேண்டும். கள்வருக்கும் அதன்மேல் ஆசை பிறவாது. கறையிடும் விதி பிறந்த கதை ரசமானது. வழியில் கொள்ளையிடப்பட்ட ஆடைகளை ராஜசேவகர்கள் மீட்டுவந்து வைத்தபோது, தங்களுடையது எது என்று பிக்ஷுக்களால் அடையாளம் சொல்ல முடியவில்லையாம்! புதுமையின் அழகைக் குலைப்பதும், இது இன்னாருடையது என்ற உண்மையைக் காட்டுவதுமாகிய இரண்டு காரியங்களையும் அந்தச் சிறு கறையே செய்துவிடுகிறது. பெருமையை உதறுவதற்காகப் பொருளைப் பழசாக்குகிறான் பிக்ஷு. இல்லாத குலப்பெருமையைச் சம்பாதிப்பதற்காகப் பழசாக்குகிறவன் அவனுக்கு நேர் எதிர்த்திசையில் நடக்கிறான்.

நம் வீட்டுப் பலகை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. தூக்கி எறிய வேண்டிய மரத்துக்கு மறுவாழ்வு கொடுத்து, பளபளப்பில் கூசிய கண்ணுக்குச் சற்று ஆறுதல் தேடும் இல்லத்தரசியின்மேல் அசத்தியக் குற்றம் சுமத்துவது அநியாயம் என்பதே என் தீர்ப்பு. விருந்தாளி வியந்து கேட்கும்போது, "செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தது" என்று சொல்லும் கணத்தில்தான் பாவம் தொடங்குகிறது. காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வந்து நிற்கும் மெய்யான தூண்களுக்கும் கதவுகளுக்கும் பின்னால், பிரித்தெடுக்கப்பட்ட வீடுகள் உண்டு. அந்த இழப்பின் கௌரவத்தை ஒரு குவளை வினிகரால் நாம் பெற்றுக்கொள்ள முடியாது. நூறாண்டு கண்ட கலைப்பொருளையே தொல்பொருளாகக் கொள்ளும் 1972-ஆம் ஆண்டின் சட்டம் நம் கூடத்துச் சுவரை எட்டிப் பார்க்கப் போவதில்லை என்றாலும், செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பூச்சு உலர்ந்ததும் பலகையைத் திருப்பி, பின்புறத்தில் செய்தவர் பெயரையும் செய்த ஆண்டையும் அழியாத மையால் எழுதிவிட்டு, பிறகு ஆணியில் மாட்டுங்கள்.