கடைமுகத்தில் ஒரு கேள்வி

'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறவர்களில் நானும் ஒருவன். 1982-ல் பெயர் மயிலாடுதுறை என்று மாறியபோதும் அந்தப் பூரிப்புக் குறையவில்லை. ஆனால் ஓர் ஐப்பசிக் கடைசி நாளில், துலாக் கட்டத்தில், அது கொஞ்சம் குறைந்தது.

கடைமுக ஸ்நானம் முடித்துவிட்டுப் படியேறினேன். தேங்காய், பூ, கற்பூரம் வாங்கிய பிளாஸ்டிக் பை வெறுமையாகக் கையில் இருந்தது. எங்கே போடுவது என்று நான் விழிப்பதைப் பார்த்துப் பூக்காரம்மாள் சிரித்தாள்.

"ஆத்துலேயே விட்டுடுங்க சாமி. பாவத்தையே வாங்கிக்கிறா, ஒரு கவரை வாங்கிக்க மாட்டாளா?"

நியாயமான கேள்விதான். மக்கள் கழுவிய பாவத்தைச் சுமந்து கறுத்துப்போன கங்கை, ஐப்பசியில் இங்கே வந்து காவிரியில் மூழ்கித் தூய்மை பெறுகிறாள் என்பது ஐதிகம். அப்படியானால் காவிரி அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? பாவம் கரையக்கூடும். பிளாஸ்டிக் கரையாது. கிழக்கே பூம்புகாரில் கடலிடம் ஒப்படைப்பாள். கடல் யாரிடம் ஒப்படைக்கும்?

நம் பாட்டிமார்களும் வீசி எறிந்தவர்கள்தாம். வாழை இலையை மாடு தின்றது, தொன்னை மக்கிற்று, உடைந்த கலயம் மண்ணோடு மண்ணாயிற்று. அன்று எறிவது குற்றமாக இருக்கவில்லை. கை பழைய கைதான். அதில் இருக்கும் பொருள்தான் மாறிவிட்டது. பொருள் மாறினால் தர்மமும் மாறத்தானே வேண்டும்?

அரசாங்கம் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் சட்டம் கடைக்காரரின் கையைப் பிடிக்கலாம். நம் மனத்தைப் பிடிக்குமா? துணிப்பையும் பருத்தியையும் தண்ணீரையும் சாயத்தையும் விழுங்கித்தான் பிறக்கிறது. பத்துப் பை வாங்கி ஆணியில் மாட்டிவைத்தால் அது புண்ணியம் அல்ல, அலங்காரம். ஒரே பையை நைந்துபோகும்வரை சுமப்பதில்தான் புண்ணியம் இருக்கிறது.

கொடுப்பதும் அப்படியே. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் மஞ்சள் பையில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் தருவார்கள். தேங்காய் மறுநாள் துவையலாகும்; பை பல ஆண்டுகள் கடைத்தெருவுக்கு வரும். உண்ணப்படாமலும் உழைக்காமலும் பரணில் கிடக்கும் பரிசைக் கொடுக்கிறவன் அன்பையா கொடுக்கிறான்? தன் சுமையை அல்லவா கைமாற்றுகிறான்!

பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் குரல் தாழ்ந்துவிடுகிறது. இங்கிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் வந்த ரயில் 1986-ல் நின்றுபோயிற்று. ரயில் இல்லாத வழியில் காரில் போகிறவனை நான் எப்படிக் கடிந்துகொள்வேன்? தனி மனிதனின் ஒழுக்கத்துக்கும் தண்டவாளம் வேண்டும். அதைப் போடவேண்டியது சமுதாயம். ஆனால் கும்பகோணத்துக்கு ரயிலும் பஸ்ஸும் இருந்தும், அந்தஸ்துக்காக ஒற்றை ஆளாய்க் காரில் போனேனே, அதற்கு என்ன சமாதானம் சொல்வேன்?

"இவ்வளவு காலம் கழித்து இனிமேல் திருந்தி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. ஐப்பசி முழுவதும் தவறவிட்டுக் கார்த்திகை முதல் நாள் வந்து சேர்ந்தான் ஒரு முடவன்; அவனுக்கும் இறைவன் அருள் கிடைத்தது. அதுதான் முடவன் முழுக்கு. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவன் நடக்க முடியாமல் தாமதித்தவன். வீட்டில் படுத்துக்கொண்டு தாமதித்தவன் அல்ல. மன்னிக்கப்பட்டது தாமதம், புறப்படாமை அல்ல.

அந்தப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வந்தேன். கழுவி, சமையலறை ஆணியில் மாட்டினேன்.

"இதை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றாள் மனைவி.

இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது, அவள் கேட்காமலே மஞ்சள் பையை எடுத்துக்கொண்டேன்.