வடை யாருடையது?

பாட்டி சுட்ட வடையைக் காகம் திருடிற்று. காகத்தை ஏமாற்றி நரி அதனைப் பறித்தது. இக்கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை அரிது. கதை முடிந்தவுடன், "புகழ்ச்சிக்கு மயங்காதே" என்று பெரியவர்கள் ஒரு நீதியைச் சொல்லிவிடுவர். குழந்தையும் அதனை ஒப்பித்துவிடும். ஆனால், அடுப்பருகே வெந்து வடை சுட்டாளே, அவள் என்ன ஆனாள்? இதனைக் கேட்கும் குழந்தையை "வாயாடி" என்று அடக்குவதே நம்மவரிற் பலர் வழக்கம்.

அறிஞர் ரூஸோ, 1762-இல் வெளியிட்ட 'எமீல்' என்னும் நூலில், லா பொந்தேன் பாடிய காகம் நரிக் கதையை வரிவரியாக ஆராய்கிறார். குழந்தைகள் காகத்தைப் பார்த்து நகைப்பர். நரியின் பக்கமே சாய்வர். ஆகையால் பிஞ்சு வயதில் இத்தகைய கதைகள் வேண்டா என்பது அவர் முடிவு. நோயை அவர் சரியாகவே கண்டார். மருந்துதான் நமக்கு உடன்பாடன்று. கதையை மறைத்தால் நரி மறைந்துவிடுமா? அதைவிட, கதையை வைத்தே பிள்ளைகளை வாதாடச் செய்வது நலம். ஒருவன் நரிக்காகவும், ஒருத்தி பாட்டிக்காகவும் வழக்காடட்டும். பசித்த காகத்துக்கும் ஒரு நியாயம் உண்டென்று மூன்றாவது பிள்ளை எழக்கூடும். உபாத்தியாயர் தம் தீர்ப்பை முதலில் சொல்லாதிருத்தல் வேண்டும் (அவருக்கு இதுவே கடினமான பாடம்!). "நீ சொல்வதற்குக் கதையில் ஆதாரம் எங்கே?" என்று மட்டும் கேட்டால் போதும். நரியே இக்கதையைச் சொன்னால் எவ்வாறு சொல்லும் என்று ஒருமுறை சொல்ல வைத்தால், கதை சொல்பவர்க்கும் ஒரு பக்கம் உண்டென்பது பிள்ளைகளுக்கு விளங்கத் தொடங்கும்.

"இப்படிப் பழக்கினால் பெரியோரை மதிப்பரோ?" எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பழையது. 'செஜாரா மெலாயு' கூறும் சிங்கப்பூர்க் கதை ஒன்றைப் பாருங்கள். வாள்மீன்கள் கரையைத் தாக்கியபோது, அரசன் தன் ஆட்களின் கால்களையே அரணாக நிறுத்தினான்; பலர் மாண்டனர். வாழை மரங்களால் அரண் அமைக்கலாமே என்றான் ஒரு சிறுவன். மீன்களின் அலகுகள் மரத்திற் சிக்கின, நகர் பிழைத்தது. இவன் வளர்ந்தால் ஆபத்து என்று பெரியவர்கள் ஓத, அரசன் அவனைக் கொல்வித்தான். அவன் குருதியால் சிவந்த குன்றே புக்கிட் மேரா என்பர் மக்கள்.

இக்கதையைச் சொல்லி, நீதியைச் சொல்லாது நிறுத்துக. அரசன் செய்தது சரியே என்று வாதாட ஒரு பிள்ளை முன்வந்தால், தடுக்க வேண்டா. அரசவையின் அச்சத்தைத் தன் வாயாலேயே அது சொல்லிப் பார்க்கட்டும். மற்றப் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள்.