தராசும் பவளமும்



திருமறையின் அர்ரஹ்மான் சூராவை நம்மில் ஓதிக் கேளாதவர் இல்லை. அதில் அல்லாஹுத் தஆலா தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டுகையில் கடலிலிருந்து வெளிப்படும் முத்தையும் மர்ஜானையும் சேர்த்திருக்கிறான். மர்ஜான் என்றால் சிறு முத்து என்று உரையாசிரியர்களில் ஒரு சாராரும், பவளம் என்று மற்றொரு சாராரும் பொருள் கூறுகின்றனர். அதே சூராவில் இதற்குச் சற்று முன்னதாகவே தராசைப் பற்றிய எச்சரிக்கை வந்துவிடுகிறது. முதலில் தராசு, பிறகு பவளம். வியாபாரிகளாகிய நாம் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

நம் வாலிபர்களில் சிலர் வீட்டிலும் கடையிலும் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, உயிருள்ள பவளத்தையும் கடல் சாமந்தியையும் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். இது ஆகுமா, ஆகாதா என்ற கேள்வி எழுகிறது. பதில் சொல்லுமுன் பவளம் என்னவென்று அறிய வேண்டும்.

பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல, அது ஜீவன். கடுகளவும் பட்டாணியளவுமான ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீட்டைத்தான் நாம் முருகைக்கல் என்கிறோம். கடல் சாமந்தி அதன் உறவு. அதற்குக் கல்வீடு இல்லை. இரண்டின் சதைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்துத் தன் வீட்டுக்காரனுக்கும் பங்கு தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் கூட்டு முறிந்து பவளம் வெளுத்துப் போகும். 2010ஆம் வருஷம் நம் நாட்டிலேயே தியோமான், ரெடாங் தீவுகளில் இப்படி வெளுத்ததால், முக்குளிக்கும் இடங்கள் பலவற்றைச் சில மாதம் மூடி வைத்தார்கள்.

இனி மார்க்கத்தின் பதிலைப் பார்ப்போம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிட்டுக்குருவி வைத்திருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அந்தக் குருவியைப் பற்றிச் சிறுவரிடம் அன்பாக விசாரித்தார்கள். ஆகவே பராமரிப்பில் குறை வைக்காமல் உயிர்களை வளர்க்கலாம் என்று அறிஞர்கள் கூறினார்கள். ஆனால் இன்னொரு ஹதீஸும் உண்டு. பூனையொன்றை அடைத்து வைத்துத் தீனியும் போடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகவே வேதனைக்குள்ளானாள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வளர்ப்பது ஆகும், அடைத்துப்போட்டு மறப்பது ஆகாது. பூனையாவது கத்தும். பவளத்துக்கு வாயில்லை. தொட்டிக்குள் வந்தபின் அதற்கு நீங்கள்தான் கடல்.

அந்தக் கடலுக்குத் தராசு வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்பது கணக்கு. 100 லிட்டர் தொட்டியானால் மூன்றரைக் கிலோ. நம் கடைச் சமையல் உப்பு உதவாது. சுண்ணாம்புச் சத்தும் மற்றவையும் சேர்ந்த கடலுப்புக் கலவையே வேண்டும். வாரத்தில் 5 லிட்டர் நீர் ஆவியானால், நீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. அந்தக் குறையை உப்புநீரால் நிரப்புகிறவன், நான்கே வாரத்தில் லிட்டருக்கு 42 கிராமாக்கிவிடுவான். குறைந்தது நல்ல தண்ணீர். நிரப்ப வேண்டியதும் நல்ல தண்ணீரே. பைப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றலாகாது. அதிலுள்ள குளோரின் கேடு செய்யும். சூடு 25, 26 டிகிரிக்குள் இருப்பது நலம். நம் ஊர் வெக்கையில் மேலே விளக்கும் எரிந்தால், குளிர்விக்கும் இயந்திரமின்றி இது கஷ்டம். மீனுக்குப் போடும் செம்பு கலந்த மருந்து பவளத்துக்கும் சாமந்திக்கும் இறாலுக்கும் நஞ்சு. புதுத் தொட்டியில் கழிவைச் சுத்தி செய்யும் கிருமிகள் உண்டாகவே பல வாரம் பிடிக்கும். சாமந்திக்கோ பல மாதம் பொறுக்க வேண்டும். இவ்வளவுக்கும் வசதியும் பொறுமையும் இல்லாதவர், கடன்பட்டு வாங்காமல் இருப்பதே மேல்.

பேணுதலுக்கு ஓர் உதாரணம் கேளுங்கள். 1828ஆம் வருஷம் ஸ்காத்லாந்தில் சர் ஜான் டாலியல் என்பவர் கடற்கரையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து, கண்ணாடிச் சாடியில் கடல்நீர் மாற்றி வளர்த்தார். 1851இல் அவர் காலமானார். அது சாகவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி 1887 வரை உயிரோடிருந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர். அமானிதம் என்றால் இதுதான். சாமந்தி வாங்குகிறவர், தமக்குப்பின் அதைப் பார்ப்பவர் யாரென்றும் யோசிக்க வேண்டும்.

அடுத்து, சரக்கு வந்த வழி. நம்மில் பலரின் பூர்வீகம் இராமநாதபுரம் சீமை. கீழக்கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றினார்கள். பாறை போனபின் அலையைத் தடுக்க ஏதுமில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் இந்திய அரசு பவளத்தை, புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. நம் மலேசியாவிலும் 1985ஆம் வருஷத்துச் சட்டப்படி கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது குற்றம். கல் பவளத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். கடல் சாமந்திக்கு அந்தச் சர்வதேசப் பட்டியலில் இடமில்லை. அங்கே காவல் நம் ஈமான்தான்.

ஆகவே, விற்கும் சகோதரரே, இது கடலில் பெயர்த்ததா, வளர்த்த தாய்ப்பவளத்திலிருந்து துண்டு வெட்டிப் பெருக்கியதா என்று வாடிக்கைக்காரர் கேட்குமுன் நீரே சொல்லிவிடும். வாங்கும் சகோதரரே, மலிவென்று மட்டும் பார்த்து, வந்த வழி கேளாமல் வாங்காதீர். சி ரூசாவிலிருந்து தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் வரை நீளும் நம் கரையில் மிஞ்சியிருக்கும் பவளம், கலங்கிய நீரில் மண் படிந்து, போராடிப் பிழைத்திருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் உளியோடு அங்கே போகும் பிள்ளைகளைத் தடுப்பது பெரியவர்களின் கடமை.

அளவில் மோசம் செய்வோர்க்குக் கேடென்று ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. மனிதரிடம் அளவு குறைத்தால் அவர் வழக்குக்கு வருவார். வாயில்லா ஜீவனிடம் குறைத்தால், வழக்குக் கேட்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் கடைத் தராசையும் வீட்டுத் தொட்டியையும் நேராக்கி வைப்பானாக. ஆமீன்.