ஆள் வருது!

சிலம்பக் கம்பு பிடிப்பவரின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஐந்து அடி, ஐந்தரை அடி. கையின் நீளத்தையும் சேர்த்தால், ஒருவர் நின்ற இடத்தில் நின்று சுற்றவே ஏறக்குறைய 12 அடி விட்டமுள்ள வட்டம் தேவை. காலடி எடுத்து வைக்கத் தொடங்கினால் இன்னும் கூடும். பத்துப் பிள்ளைகளை நிறுத்தினால் நடுத்தரமான கல்யாண மண்டபம் நிரம்பிவிடும். அங்கேயும் மின்விசிறி, சரவிளக்கு என்று தலைக்கு மேலே ஆயிரம் ஆபத்து. இந்தக் கலை வெட்டவெளியில் வளர்ந்தது என்று சொல்லக் கல்வெட்டு ஆதாரம் தேட வேண்டியதில்லை. கம்பின் நீளமே சொல்லிவிடுகிறது.

சூளகிரியில் நாங்கள் பழகும் இடத்துக்கு வேலி கிடையாது. ஒரு பக்கம் ஊருக்குப் பெயர் கொடுத்த மலை, சூலம்போல் பிளந்த அதன் பாறை முனைகள். இன்னொரு பக்கம், கொஞ்சம் தள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல். விடியற்காலையில் கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும் ஏற்றிய வண்டிகள் போகும். சிறிது நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் வரும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூக்கக் கண்ணோடு இறங்கி, மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அறைக்குப் போவார்கள். குறுக்கே வெட்டிக்கொண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். என் கட்டுரையே அவர்களைப் பற்றியதுதான்.

அக்கம்பக்கத்தில் இப்படி இல்லை. கேரளத்துக் களரி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி. 42 அடி நீளம், 21 அடி அகலம் என்று இலக்கணம் வகுத்து, மேலே கூரை போட்டு, உள்ளே விளக்கேற்றி வைத்துப் பழகுவார்கள். எல்லையைத் தாண்டி மைசூர்ப் பக்கம் போனால் கரடி மனைகள். விலங்கைத் தேடாதீர்கள், மல்யுத்தக் கூடத்துக்கு அங்கே அதுதான் பெயர். செம்மண்ணைக் குழைத்துப் போட்ட தரை, சின்ன வாசல், உள்ளே அரை இருட்டு. விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில் ஜெட்டி மல்லர்கள் வஜ்ரமுஷ்டி மோதுவதை ஊரே பார்க்கலாம். அதற்கான பயிற்சி சுவருக்குள்தான். கடல் தாண்டினாலும் இதே கதை. ஒகினாவாவில் கராத்தேயை இரவு நேரத்தில், வீட்டு முற்றத்துக்குள், வெளியாள் கண்ணில் படாமல் சொல்லிக் கொடுத்தார்கள். கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் அப்படித்தான் கற்றார். 1901 வாக்கில் அவருடைய ஆசிரியர் இதொசு அங்கோ அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் அந்தக் கலை பகல் வெளிச்சம் பார்த்தது.

மறைத்ததில் நியாயம் இருந்தது. அடியை முன்கூட்டியே பார்த்துவிட்டவன் தடுக்கக் கற்றுக்கொள்வான். எங்களுக்கு அப்படிப்பட்ட எதிரி யாரும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளும், மூட்டுவலி ஆரம்பித்த என்னைப் போன்ற சிலரும்தான் அங்கே கம்பு பிடிக்கிறோம். யாரிடமிருந்து மறைக்க? ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. அடிக்கிற கலை ஒன்றை நாலு பேர் நடமாடுகிற இடத்தில் பழகுவது சரிதானா? பழகினால் அந்த இடம் நம்மை என்ன செய்கிறது?

முதலில் செய்வது, நிறுத்தச் சொல்வது. எங்கள் மைதானத்தில் அதிகமாகக் கேட்கும் சொல் சலாவரிசை, வீடு கட்டுதல் போன்ற பாடங்களின் பெயர் இல்லை, "ஆள் வருது!" என்பதுதான். யார் முதலில் பார்க்கிறாரோ அவர் கத்த வேண்டும். கத்திய நொடியில் எல்லாக் கம்பும் நிற்க வேண்டும், சுற்றை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைக்கக் கூடாது. வருவது ஷிப்ட் முடித்த ஆளாக இருக்கும், பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல்லாக இருக்கும், பந்தைத் துரத்தும் குழந்தையாக இருக்கும், யாருக்கும் கட்டுப்படாத ஒரு கன்றுக்குட்டியாகவும் இருக்கும். வேகம் பிடித்த கம்பைப் பாதி வழியில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணிக்கட்டில் எவ்வளவு வலி எடுக்கும் என்று. வீசுவதை ஒரு மாதத்தில் ஓரளவு பழகிவிடலாம். நிறுத்தம் லேசில் வராது.

தற்காப்புக் கூடங்களில் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து அடக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். கலையைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது, பலவீனமானவரை அடிக்கக் கூடாது என்று உறுதிமொழிகூட உண்டு. நல்ல பேச்சுதான். ஆனால் கண்ணாடிச் சுவருக்கும் ரப்பர் பாய்க்கும் நடுவே அந்த அடக்கத்தைச் செய்து பார்க்க வாய்ப்பே வராது. அங்கே இருக்கும் எல்லாரும் அடி வாங்கச் சம்மதித்து, கட்டணமும் கட்டி வந்தவர்கள். வெளி மைதானத்தில் குறுக்கே போகிறவர் எதற்கும் சம்மதித்தவர் இல்லை. நம் கலை அவருக்கு ஒரு பொருட்டும் இல்லை. அவருக்கு வேண்டியது தூக்கம். அவருக்காக நம் வேகத்தை விட்டுக்கொடுப்பதை ஒரு பிள்ளை காலை தோறும் உடம்பால் செய்கிறது. உறுதிமொழியைவிட இதை நான் நம்புகிறேன்.

அடுத்தது, பார்வை. கற்றுக்கொள்ளும்போது நாம் அழகாக இருப்பதில்லை. கம்பு கையை விட்டு நழுவும், முழங்காலில் படும், சுற்றில் பாதி மறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வயதானவர் அப்படி நின்றால் இன்னும் வேடிக்கை. டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பலர் எதையுமே தொடங்குவதில்லை. தொடங்கினாலும் கதவைச் சாத்திக்கொண்டு, யூடியூப் பார்த்து, மொட்டை மாடியில் தொடங்குகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. தடுமாறுவதை நாலு பேர் பார்த்தாகிவிட்டால் அப்புறம் காப்பாற்ற வேண்டிய மானம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதன் பிறகு வரும் பயிற்சி நிம்மதியான பயிற்சி.

அந்தப் பெஞ்சு சிரிப்பதோடு நிற்பதும் இல்லை. எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக் கிளாஸில் கலந்திருக்கும். தெலுங்கு பேசும் பெரியவர் ஒருவர் இதைக் கர்ர சாமு என்றுதான் சொல்வார். கொஞ்ச நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, கை நல்லாப் போவுது, காலு இன்னும் வீட்லயே கீது" என்றார். மாஸ்டர் பலமுறை சொல்லியும் என் தலையில் ஏறாத விஷயம் அது. இன்னொரு நாள், சிப்காட்டில் வேலை பார்க்கும் பீகார்க்காரப் பையன் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, கம்பைக் கேட்டு வாங்கி, தங்கள் ஊரில் முஹர்ரத்துக்குச் சுற்றும் லாட்டிச் சுற்று ஒன்றைச் செய்து காட்டினான். பிடி வேறு, காலடி வேறு. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த மைதானத்தை அவன் எத்தனையோ முறை கடந்திருப்பான், நின்றது அன்றுதான். சுவர் இருந்திருந்தால் அவனுக்கும் எங்களுக்கும் பேச்சே நடந்திருக்காது.

பார்வை எல்லாருக்கும் ஒன்றுபோல விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் தடுமாறினால் சிரிப்பு. பதினைந்து வயதுப் பெண் பிள்ளை காலை அகட்டி நின்றால் அதே பெஞ்சின் கண் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. திறந்தவெளியின் பெருமையைப் பேசும் ஆண்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். எங்கள் மாஸ்டர் அதற்குப் பிரசங்கம் செய்யவில்லை. பெண் பிள்ளைகளின் வரிசையை மலையைப் பார்த்து நிற்கும்படி மாற்றினார், பின்னால் அம்மாக்கள் உட்காரும் திண்டு வரும்படி. சாலைக்கும் அவர்களுக்கும் நடுவே எங்களைப் போன்ற பெரியவர்களின் வரிசை. ஒரு பருவம் போனதும் பிள்ளைகளே திரும்பி நின்றுகொண்டார்கள். இப்போது, கம்பு உடம்பில் பட்டால் புள்ளி என்ற தொடுமுறை ஆட்டத்தில், பையன்களோடு இறங்கி அடிக்கிறார்கள். பார்வை முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கம்பு வைத்திருக்கும் பெண்ணைப் பார்ப்பவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார், அவ்வளவுதான். அந்தத் தள்ளலும் ஒன்றுமில்லாதது இல்லை.

கம்புக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2023 பிப்ரவரி 2ஆம் தேதி, எருது விடும் விழாவுக்கு அனுமதி கேட்டு, பக்கத்துக் கோபசந்திரத்தில் இதே நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல் பறந்தது, பேருந்துக் கண்ணாடிகள் உடைந்தன, போலீஸ் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தது. பொது இடத்தில் இளைஞர் கூட்டம், கையில் தடி என்றால் ஒருவர் பதறுவதில் தவறே இல்லை. சாதிச் சண்டையிலும் தேர்த் திருவிழாத் தகராறிலும் கம்பு என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பதற்றத்துக்கு எங்களிடம் இருக்கும் ஒரே பதில் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், எல்லாரும் பார்க்கும்படி பழகுவது. யார் வருகிறார்கள், யார் பிள்ளை, யாருக்கு எவ்வளவு வரும் என்று ஊருக்கே தெரியும். இவன் கம்பு எடுத்தால் என்ன ஆகும் என்று பத்துப் பேர் அறிந்திருக்கும் ஆள் சண்டையில் கம்பு எடுக்க யோசிப்பான். இது என் நம்பிக்கை. நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

இந்த மாவட்டத்தின் நடுகற்களைப் பார்த்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் வலுக்கிறது. வேப்பனப்பள்ளிப் பக்கம் சின்னகொத்தூரில் அவை கூட்டமாகவே நிற்கின்றன. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போனாலும் பார்க்கலாம்: ஒரு கையில் வில்லோ வாளோ ஏந்தி, மாட்டை மீட்கப் போய் விழுந்தவர்கள், புலியோடு மல்லுக்கட்டி விழுந்தவர்கள். ஆயுதம் எடுத்தவனின் நினைவை இந்த ஊர்க்காரர்கள் கோட்டைக்குள் வைக்கவில்லை. ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் வைத்து, வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்தார்கள். யாருக்காக எடுத்தான் என்பதற்கு ஊர் சாட்சியாக இருந்த ஆயுதம் அது.

பார்க்கப்படுவது வேறு, காட்டுவது வேறு. அண்மைக் காலத்தில் சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அதைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள். பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். மகிழ்ச்சி. கூடவே உலக சாதனை வியாபாரமும் வந்துவிட்டது. இத்தனை மணி நேரம் நிற்காமல் சுற்றுவது, பானை மேல் ஏறி நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு கோப்பை, ஒரு பிளெக்ஸ் பேனர். கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றும் பிள்ளை எங்கள் மைதானத்தில் எதற்கு? ஆள் வருவதைப் பார்ப்பதுதானே அங்கே முதல் பாடம்! அலங்கார வீச்சை நான் குறை சொல்லவில்லை, எம்.ஜி.ஆர். படங்களில் அதைப் பார்த்துத்தான் என் தலைமுறை வாயைப் பிளந்தது. ஆனால் தினப் பயிற்சியையே கைபேசிக்கு முன்னால் செய்யத் தொடங்கியதும் பிள்ளைகளின் கண் எதிராளியை விட்டு, குறுக்கே வருபவரை விட்டு, லென்ஸுக்குப் போய்விடுகிறது. அந்தக் கண்ணைத் திருப்பிக் கொண்டுவர மாஸ்டர் படும் பாட்டைப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், இடம் போகப் போகிறது. சூளகிரி தனித் தாலுகாவான பிறகு, சிப்காட் விரிய விரிய, சமதரை எல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போட்டால் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் பார்த்தவரையில் அப்படி விட்ட பல இடங்களில் ஒரு சறுக்குமரம், ஒரு பூட்டிய கேட், "விளையாடக் கூடாது" என்று ஒரு பலகை. எங்கள் பெற்றோர் குழுவில் பலர், எதற்கு இந்த வம்பு, வாடகைக்கு ஷெட் பார்த்துவிடலாம் என்கிறார்கள். மழை, மார்கழிப் பனி, நெடுஞ்சாலைத் தூசி, நாய். எல்லாம் உண்மையான காரணங்கள். பனியில் இருமும் பிள்ளைக்கு என் தத்துவம் மருந்தாகாது.

அதனால் கூட்டத்தில் நான் ஷெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரை 14 அடிக்குக் குறையக் கூடாது, சாலைப் பக்கமும் பெஞ்சுப் பக்கமும் சுவர் வைக்கக் கூடாது, குறுக்கே ஆள் போக வழி விட வேண்டும் என்று கேட்டேன். இடத்துக்காரரின் ஆள் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "அப்ப எதுக்கு சார் வாடகை கொடுக்கறீங்க?" என்றார்.