பகிராதவர்களின் கணக்கு

ஓர் இணைய இதழில் என் கட்டுரை வெளியான பத்தாம் நாள், அதன் ஆசிரியர் எனக்கு ஓர் அட்டவணையை அனுப்பினார். திருமணத்துக்குப் பிறகும் ஒரு பெண் தன் உடல் குறித்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா என்பதுதான் கட்டுரையின் பொருள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைத் திறந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் கடைசி வரிவரை வந்திருக்கிறார்கள். பகிர்ந்தவர்கள் ஏழு பேர். “நல்லா வாசிக்கிறாங்க, ஆனா பரவ மாட்டேங்குது. அடுத்த தடவை வேற விஷயம் எழுதலாமா?” என்று கேட்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடமும் யாரோ எண்ணிக்கை கேட்கிறார்கள்.

அதே வாரம் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஒரு மாணவி கூடவே நடந்து வந்தாள். குமராட்சிப் பக்கத்துக் கிராமம். தினமும் பேருந்தில் சிதம்பரம் வந்து படிப்பவள். “அம்மா, உங்க கட்டுரையப் படிச்சேன். எங்கம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். நடவுக்குப் போயிட்டு வந்து படுத்திருந்தாங்க. முடிச்சதும், இன்னொரு தடவை படின்னாங்க” என்றாள்.

பகிர்ந்தாயா என்று கேட்டுவிட்டேன். ஏழு என்ற எண் அப்போதும் என் மண்டைக்குள் இருந்தது.

“எப்படிம்மா? அது அண்ணன் போன். குடும்ப குரூப்புல சித்தப்பா, மாமா எல்லாரும் இருக்காங்க. யாரு அனுப்புனதுன்னு பேரோட வருமே.”

அந்த வீட்டில் என் கட்டுரையை இரண்டு பெண்கள் இரண்டு முறை வாசித்திருக்கிறார்கள். ஆசிரியரின் அட்டவணையில் அது ஒரு வருகை. பகிர்வு என்ற கட்டத்தில் சுழியம். கைபேசி அண்ணனுடையது என்பதால், அந்த ஒரு வருகையும் ஓர் இளைஞனின் வருகையாகப் பதிவாகியிருக்கக்கூடும்.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தின் அடியில் உள்ள பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் ஒரு கணக்கு ஏறும். சில இணைப்புகளின் வாலில் சிறு குறியீடு ஒட்டியிருக்கும். வாசகர் முகநூல் வழியாக வந்தாரா, மின்னஞ்சல் வழியாக வந்தாரா என்று அது சொல்லிவிடும். இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினால், பெரும்பாலும் வந்த வழி தெரியாது. முகவரியைத் தானே தட்டி வந்தவர்போல அந்த வாசகர் ‘நேரடி வருகை’ என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார். அலெக்சிஸ் மாட்ரிகல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2012இல் இப்படிக் கண்ணில் படாமல் நடக்கும் பகிர்வுகளுக்கு ‘டார்க் சோஷியல்’ என்று பெயரிட்டார். அளப்பவருக்கு அது இருட்டு. எங்கள் பெண்கள் பலருக்கு மூச்சுவிடும் இடமே அந்த இருட்டுதான்.

அப்படியானால் பகிர்வின் எண்ணிக்கை எதை அளக்கிறது? ஓர் எழுத்தின் மதிப்பை அளக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அது ஒருவரின் துணிச்சலுக்கு இருக்கும் இடவசதியை அளப்பதாகத் தோன்றுகிறது. பகிர்வது கையெழுத்துப் போடுவது போன்றது. பெயர் தெரியக் கையெழுத்திட்டாலும் அடி விழாது என்ற உறுதி இருப்பவர்கள் தாராளமாகப் பகிர்கிறார்கள். அந்த உறுதி இல்லாதவள் வாசித்துவிட்டு, தேடிய தடத்தையும் அழித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுக்கிறாள்.

சரி, பகிர்கிறவர்களாவது வாசித்துவிட்டுப் பகிர்கிறார்களா? கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் பிரான்சின் இன்ரியா நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட இணைப்புகளில் 59 சதவீதத்தை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்று தெரியவந்தது. கட்டுரையைத் திறக்காமலே பகிர முயல்பவரிடம் ‘முதலில் வாசிக்கிறீர்களா’ என்று கேட்கும் ஏற்பாட்டை 2020இல் ட்விட்டரே சோதித்துப் பார்த்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போனது. 2018 ஏப்ரலில் நடிகர் எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தன் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். எதிர்ப்பு எழுந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அடுத்த மாதம் அவருக்கு முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்றது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமலே பகிர்ந்துவிட்டார் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தரப்பு வாதிட்டது. நீதிபதிகள் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

அந்த வாதத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓர் ஆண் படிக்காமல் பகிரலாம், பிறகு படிக்கவில்லை என்பதையே காரணமாகவும் காட்டலாம். என் மாணவியின் அம்மா இரண்டு முறை கேட்டார். அவருக்குப் பகிர வழியே இல்லை. கணக்கில் முன்னது ஒன்று, பின்னது ஒன்றுமில்லை.

இன்னொரு விதமான பகிராமையும் உண்டு. 2019இல் பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தபோது, ஒரு பெண்ணின் கதறல் கேட்கும் காணொளி கைபேசிக்குக் கைபேசி தாவியது. கோபத்தில் அனுப்பினார்கள், இரக்கத்தில் அனுப்பினார்கள், வேடிக்கைக்கும் அனுப்பினார்கள். எந்த மனதோடு அனுப்பினாலும் அந்தப் பெண்ணின் குரல் இன்னொரு வீட்டுக்குள் போனது. வழக்கை மாற்றிய அரசாணையிலேயே பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியானதற்காக, இழப்பீடு வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

அந்தக் காணொளி தன் கைக்கு வந்தபோது, அதை அங்கேயே நிறுத்தியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்தது ஓர் அறச்செயல். ஆனால் அதை எண்ணுவதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. அனுப்பியதைத்தான் எண்ண முடியும், அடக்கிக்கொண்டதை எண்ண முடியாது. எண்ண முடிந்ததை மட்டுமே மதிக்கப் பழகிய சமூகம், அடக்கிக்கொண்டவர்களை எதுவும் செய்யாதவர்கள் என்றே நினைத்துக்கொள்ளும்.

ஏழு பேர் மட்டுமே பகிர்ந்த கட்டுரையை எழுதியவள் இப்படிப் பேசினால், சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்கிற கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பகிர்வின் எண்ணிக்கை பெண்களுக்கு உதவியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி வெளிப்படையாகப் பேசியபோது, அவருடைய பதிவுகள் பரவப் பரவத்தான் மற்ற பெண்களின் அனுபவங்களும் வெளியே வந்தன. ஒருத்தி சொன்னால் பொய் என்று தள்ளுகிறவர்கள், பலர் சொல்லும்போது கொஞ்சமாவது தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை வாங்கித் தந்தது எண்ணிக்கைதான். ஆகவே எண்ணிக்கை வேண்டும். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இதைப் பகிர யாருக்கு முடிந்தது? யாருக்கு முடியவில்லை?

இந்தக் கேள்விகள் கேட்கப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஆசிரியரின் கடிதமே காட்டியது. பகிர முடியாதவர்களுக்கு மிகவும் தேவைப்படும் எழுத்துதான் குறைவாகப் பகிரப்படும். குறைவாகப் பகிரப்பட்டதால் அது நிறுத்தப்படும். தடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பரவவில்லை’ என்ற ஒரு சொல் போதும்.

ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். மாணவியின் பெயரையும் ஊரையும் சொல்லாமல், அண்ணனின் கைபேசியில் இரண்டு முறை வாசிக்கப்பட்ட கதையை மட்டும் சொன்னேன். அடுத்த கட்டுரையையும் இதே பொருளில்தான் எழுதுவேன் என்றேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: “எழுதுங்க. அந்த அம்மா வாசிச்சுக் கேக்குற மாதிரி, வாக்கியத்தைக் கொஞ்சம் சின்னதா எழுதுங்க.”

என் பதினெட்டு வருட எழுத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான ஆலோசனை அது. இப்போதெல்லாம் எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறேன். நடவு முடிந்து வந்து படுத்திருக்கும் ஒருத்திக்கு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில்.