மதுவும் சுபாவமும்

மது மனிதனைத் தீயவனாக்குகிறதா, அன்றி முன்னமே அவனுள் உறைந்திருந்த தீய சுபாவந்தான் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள மதுவை நாடுகிறதா என்னும் வினா புராதனமானதேயாயினும், அமெரிக்கக் கலாசாலை மாணவரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களுக்கு அது மீண்டும் விடை வேண்டி நின்றது. 1993-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஹென்றி வெக்ஸ்லரும் அவருடைய சகாக்களும் 140 கல்லூரிகளில் 17,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை விசாரித்தபோது, நூற்றுக்கு 44 பேர், முந்திய இரண்டு வாரங்களுக்குள் ஒரு முறையேனும், ஆடவராயின் தொடர்ந்து ஐந்து கோப்பைக்கும் பெண்டிராயின் நான்கு கோப்பைக்கும் குறையாமல் அருந்தியிருந்தனர். பொருள்களைச் சேதப்படுத்துதல் முதலிய தீச்செயல்களும் அடிக்கடி இவ்வாறு குடித்தவர்களிடம் பன்மடங்கு மிகுந்திருந்தன.

பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாமை, கூசாது பொய்யுரைத்தல், பின்விளைவை எண்ணாத துடுக்கு, குற்றம் புரிந்த பின்னும் கழிவிரக்கம் தோன்றாமை ஆகிய சமூக விரோத குணங்களும் மிகுகுடியும் ஒருவனிடத்தே சேர்ந்து காணப்படுவது மனநூலார் நன்கறிந்த செய்தி. இக்குணங்கள் முற்றிய நிலையை ஒரு மனக்கோளாறாக அவர்கள் நிர்ணயிக்க வேண்டுமானால், பதினைந்து வயதுக்கு முன்னரே அதன் அறிகுறிகள் தென்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே அத்தகையோரிடத்தில், கலாசாலைக் கோப்பையைக் கை தீண்டுவதற்கு நெடுநாள் முன்பே சுபாவம் உருவாகிவிடுகிறது.

1975-இல் ஆலன் லாங், ஆலன் மார்லட் முதலியோர் நடத்திய பரிசோதனை இவ்விஷயத்தில் என் மனத்தை மிகவும் வருத்துவது. மிகுதியாகக் குடிக்கும் வழக்கமுடைய ஆடவருள் சிலருக்கு மதுவும் சிலருக்கு மதுவற்ற பானமும் கொடுத்து, உண்மையில் எது கொடுக்கப்பட்டதென்பது தெரியாவண்ணம் மறைத்து, பின்னர் மற்றொருவனுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பையும் அளித்தபோது, மது அருந்தியதாக நம்பியவர்களே, அருந்தாதிருந்தபோதிலும், அதிகக் கொடுமை புரிந்தனர். மதுவுக்கும் தனக்கே உரிய வலிமை உண்டென்பதைப் பிற்காலப் பரிசோதனைகள் காட்டியுள்ளன என்பது மெய்யே. ஆயினும் 1975-இல் சோதிக்கப்பட்ட அந்த ஆடவரின் கையை இயக்கியது திரவமன்று, குடித்தவனுக்கு எதுவும் மன்னிக்கப்படும் என்ற நம்பிக்கையே என்று கருதாதிருக்க என்னால் இயலவில்லை.

இந்த மன்னிப்பைப் பண்டைய ஞானிகள் அளிக்க இசையவில்லை. மிட்டிலீனி நகரத்துப் பிட்டக்கஸ், வெறியிற் செய்த குற்றத்துக்குத் தெளிவிற் செய்த குற்றத்தினும் மிகுந்த தண்டனை விதித்தான். மயங்காதிருப்பது குடித்தவன் வசத்தில் இருந்தமையால் அம்மயக்கத்தில் விளைந்த அறியாமைக்கும் அவனே காரணன் என்று அரிஸ்டாட்டில் வாதித்தார். பௌத்தரோ கொலை, களவு, காமப் பிழை, பொய் ஆகிய நான்கினையும் விலக்கிய பின்னர், அந்நான்குக்கும் வாயில் திறந்துவிடும் அஜாக்கிரதையை அஞ்சியே ஐந்தாம் சீலமாக மதுவை விலக்கினர்.

ஆனால் பிறவியிலேயே தீய வாசனை வலிதாக அமைந்தவனை எவ்வாறு குறை கூறுவது? குடியும் குற்றமும் ஒருங்கே உடைய தந்தையரின் புதல்வர், பிறர் இல்லத்தில் சுவீகாரமாக வளர்ந்தபோதும் குடிவழியிற் செல்லும் அபாயம் மிகுந்தவர் என்பதை, ஸ்டாக்ஹோம் நகரத்து ஆராய்ச்சியைக் கொண்டு 1981-இல் ராபர்ட் குளோனிங்கரும் சகாக்களும் எடுத்துரைத்தனர். இவர்களிடம் நமக்குக் கருணை வேண்டும். எனினும் அபாயம் விதியன்று. சரிவான நிலத்தில் நிற்பவனுக்கு ஊன்றி நிற்கும் கடமை மற்றவரினும் அதிகம். மேலும் மிகுதியாகக் குடித்த, நூற்றுக்கு நாற்பத்து நால்வரான அம்மாணவர் அனைவரும் தீய வாசனையோடு பிறந்தவர்கள் என்று சொல்ல எவர் துணிவார்? "அவன் நேற்று நிதானத்தில் இல்லை" என்று மறுநாட்காலையில் தோழர்கள் சொல்லும் சமாதானமும், அதனை ஏற்றுக்கொள்ளும் கலாசாலையும் அவர்களோடு இக்குற்றத்தில் பங்கு கொள்கின்றன.

அச்சமாதானம் காயமுற்றவனுக்கு நியாயம் வழங்குவதில்லை என்பது ஒருபுறமிருக்க, காயப்படுத்தியவனுக்கும் அது பெருந்தீங்கு இழைக்கிறது. பிராயச்சித்தம் என்று எந்தச் சமயம் எதனைக் கூறினும், அதற்கு முதற்படி "நான் செய்தேன்" என்று ஒருவன் ஒப்புக்கொள்வதாகும். செய்தது மதுவே என்று சொல்லிவிட்டால் வருந்துவதற்கு ஒரு கர்த்தா எஞ்சுவதில்லை. கழிவிரக்கமே அரிதாகப் பிறக்கும் சுபாவமுடைய இளைஞனிடத்தில், அது பிறப்பதற்கு இருந்த வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம்.